தண்ணீர் குறையும் மாதங்களில் தண்ணீரைப் படம் எடுப்பது: கொடைக்கானலில் 92 நாள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பள்ளி ஆசிரியர். மாற்றலாகி கொடைக்கானலுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகிறது. மார்ச் 1 முதல் மே 31 வரை நாளுக்கு ஒரு படம், அதுவும் தண்ணீரை மட்டும் எடுக்க ஆசைப்படுகிறார். கையில் ஒரு மொபைலும் அண்ணன் கொடுத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் இருக்கின்றன. மூன்று மாதமும் எடுப்பதற்கு விஷயம் கிடைக்குமா, எங்கெங்கே போக வேண்டும், ட்ரைபாட் வாங்கலாமா என்று கேட்கிறார்.

நான் இந்த ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்தவன். கல்யாண சீசன் முடிந்த பிறகு, இரண்டு வருடம் இதே வேலையைச் செய்து பார்த்திருக்கிறேன். முதல் வருடம் நாற்பது நாளோடு நின்றுவிட்டது, இரண்டாம் தடவைதான் முடித்தேன். இனி சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த முதல் வருடத்தில் செய்த தப்புகளிலிருந்து வந்தவை.

காலண்டர் படங்களில் நீங்கள் பார்க்கிற வெள்ளை வெளேரென்ற அருவிகள் எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் எடுத்தவை. பழனி மலைக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். குளிர் நாடுகளில் வசந்தம் என்றால் பனி உருகி ஆறுகள் புரண்டு ஓடும். இங்கே அதே மாதங்களில் தண்ணீர் வருடத்திலேயே மிகவும் இளைத்துப் போயிருக்கும். தமிழ்க் கணக்கிலும் உங்கள் 92 நாள் ஒரே பருவத்துக்குள் அடங்காது. மாசி நடுவில் தொடங்குகிறீர்கள், அது பின்பனி. சித்திரை பிறந்த பிறகுதான் இளவேனில். ஆக முதல் ஒன்றரை மாதம் பனியும் வறட்சியும், அடுத்த ஒன்றரை மாதம் மூடுபனியும் கோடை மழையும். இது தெரியாமல் மார்ச் முதல் வாரத்தில் கேமராவோடு வெள்ளி அருவிக்குப் போய் நின்றால் பாறைதான் தெரியும். நான் அப்படித்தான் நின்றேன்.

அதனால் விஷயம் கிடைக்குமா என்ற கேள்விக்குப் பதில்: அருவி தேடினால் பத்தே நாளில் தீர்ந்துவிடும், ஈரம் தேடினால் 92 நாள் போதாது. மூன்று மாதமும் நீங்கள் செய்யப்போவது தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. புல் நுனியில், பாசியில், பாறை இடுக்கில், மூடுபனியில், சமையலறை ஜன்னலில். இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான்.

முதல் காரியமாக வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு ஓடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேர்பெற்ற இடமாக இருக்கக் கூடாது, இருந்தால் கூட்டம் வரும். நாயுடுபுரம், செண்பகனூர், வட்டக்கானல் பக்கம் எங்கே குடியிருந்தாலும் ஏதாவது ஒரு சின்ன வாய்க்கால் சோலைக்குள்ளிருந்து வந்து ரோட்டுக்கு அடியில் குழாய் வழியாகப் போகும். அதில் ஒரு கல்லைத் தேர்ந்தெடுங்கள். முழங்கால் உயரக் கல் போதும். வாரம் ஒரு நாள், அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று அந்தக் கல்லைப் படம் எடுங்கள். மூன்று மாதத்தில் பதின்மூன்று படம் சேரும். உங்கள் தொகுப்புக்கு அதுதான் முதுகெலும்பு.

என் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். மார்ச் முதல் வாரத்தில் அதில் மூன்று பட்டைகள் இருந்தன. மேலே சாம்பல் நிறத்தில் காய்ந்துபோன கல்பாசி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். நடுவில் நாலு விரல் அகலத்துக்குப் பச்சைப் பாசி. அடியில் தண்ணீர் தொடுகிற இடம் கறுப்பு, ஈர எருமை முதுகு மாதிரி. பங்குனி பாதியில் பச்சைப் பட்டையின் மேல் விளிம்பு பழுப்பாகத் தொடங்கியது. பங்குனி கடைசியில் கறுப்புப் பட்டையே ஒரு விரல் அகலம்தான். கறுப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே, அதுவரை வெளியே தெரியாத ஒரு மஞ்சள் வரி தெரிந்தது. அந்த வரி வந்த அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. ஏப்ரல் மூன்றாம் வாரம் ஒரே ராத்திரி மழையில் மூன்று பட்டையும் முங்கிப் போயின. தண்ணீர் டீ நிறத்தில் வந்தது.

ஓடை பங்குனியிலும் ஓடுவதற்குக் காரணம் மேலே இருக்கிற சோலையும் புல்வெளியும். சோலைக்குள் தரையெல்லாம் மக்கிய இலை மெத்தை. அது மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடும். ஐப்பசியில் விழுந்த தண்ணீரைத்தான் நீங்கள் பங்குனியில் படம் எடுக்கிறீர்கள். பைன், யூகலிப்டஸ், வேட்டில் மரங்களை நட்டு வைத்த சரிவுகளுக்குப் போனால் காலடியிலேயே வித்தியாசம் தெரியும். அங்கே தரை சரசரவென்று காய்ந்து கிடக்கும். இரண்டு இடத்திலும் ஒரே நாளில் ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். தண்ணீரே தெரியாத தண்ணீர்ப் படம் அது.

மாசிக் காலையைத் தவறவிடாதீர்கள். மார்ச் தொடக்கத்தில் சூரியன் ஆறரை மணி வாக்கில்தான் எழும். காற்றில்லாத, வானம் தெளிந்த விடியல்களில் ஏரியின் மேல் ஆவி எழும்பும். தண்ணீர் ராத்திரிக் காற்றைவிடக் கொஞ்சம் சூடாக இருப்பதால் வருவது அது. வெயில் பட்ட அரை மணி நேரத்தில் காணாமல் போய்விடும். ஏரியே மனிதன் வெட்டியதுதான். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்துக் கரை கட்டினார், நட்சத்திர வடிவில் தண்ணீர் பரந்தது. சுற்றிவர ஐந்து கிலோமீட்டர். படகுத்துறைப் பக்கம் எல்லோரும் எடுப்பார்கள். அதை விட்டுவிட்டு நட்சத்திரத்தின் ஒடுங்கிய கைகளுக்குள் போங்கள். ஆவி அங்கேதான் அதிக நேரம் தேங்கும். ஜெகரண்டா மரங்கள் பங்குனி, சித்திரையில் பூக்கும்போது கரையோரத் தண்ணீரில் ஊதா மிதக்கும். மரத்தை விடுங்கள், தண்ணீரில் விழுந்ததை மட்டும் எடுங்கள்.

பனித்துளி விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காலையில் புல்லில் தெரிகிற எல்லாத் துளியும் பனி அல்ல. புல் இலை முழுக்கக் கடுகு மாதிரிப் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தால் அது பனி, காற்றிலிருந்து படிந்தது. இலை துடைத்துவிட்ட மாதிரி இருந்து, நுனியில் மட்டும் ஒரே ஒரு பெரிய துளி தொங்கினால் அது செடி தானே வெளியே தள்ளிய தண்ணீர். ராத்திரியில் வேர் உறிஞ்சியது ஆவியாக வழியில்லாமல் நுனித் துவாரம் வழியாகக் கசிகிறது. ஸ்ட்ராபெரி இலையின் பல் விளிம்பில் பல்லுக்கு ஒன்றாக வரிசை கட்டி நிற்கும், யாரோ உட்கார்ந்து கோர்த்த மாதிரி. சேம்பு இலையில் நிற்கிற துளி இன்னொரு ரகம். இலையின் மெழுகும் நுண்ணிய மேடுபள்ளமும் தண்ணீரை ஒட்டவிடாது, அதனால் பாதரசம் மாதிரி உருளும். மூன்றும் மூன்று நாளைக்கான படம்.

துளிக்குள் உலகம் தலைகீழாகத் தெரிவதை எடுக்க நினைத்தால் துளியின் மேல்தோலில் ஃபோகஸ் வைக்காதீர்கள், பிம்பம் மங்கிவிடும். துளிக்குள் தெரிகிற உருவத்தின் மேலேயே வையுங்கள். கேமராவில் லென்ஸ் துவாரத்தை எஃப் 11 பக்கம் சுருக்குங்கள். மொபைலில் ரொம்பக் கிட்டப் போனால் ஃபோகஸ் பிடிக்காது. ஒரு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் பிடித்துவிடும். சிலந்தி வலைக்கு வெயிலைப் பார்த்தபடி நின்று, சூரியனை ஒரு மரத்தண்டுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளுங்கள். பின்னணி இருட்டாகக் கிடைத்தால் வலை தானாகப் பளிச்சிடும்.

மார்ச் கடைசி வாரத்தில் ஒரு சோர்வு வரும். எனக்கு முதல் வருடம் அங்கேதான் அடி விழுந்தது. பனி குறைந்திருக்கும், மழை வந்திருக்காது, ஓடை நூலாகியிருக்கும். மலையில் காட்டுத்தீ பற்றுகிற காலமும் அதுதான். இரண்டாம் தடவை அந்த நாட்களில் ஆட்களைத் தேடினேன். காட்டைவிட ஊருக்குள்தான் அப்போது தண்ணீர் அதிகம் நடமாடும். லாட்ஜ்களுக்கு ஓடுகிற தண்ணீர் லாரியின் பின்பக்கம் சொட்டுகிற சொட்டு, ரோட்டில் அது போட்டுக்கொண்டு போகிற கோடு, வரிசையில் நிற்கிற குடங்கள், டேங்க் மூடியைத் திறக்கப் பார்க்கிற குரங்கு.

ஒரு நாள் காலை ஆறரை மணி. ரோட்டுக்குக் கீழே ஒரு சரிவில் பாறைக்கு அடியில் சின்ன ஊற்று. அகலம் ஒரு சோற்றுத் தட்டு அளவு. வயதான அம்மா ஒருவர் கொட்டாங்குச்சியில் மோந்து மோந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஐந்து குச்சி மோந்தால் குழி காலி. பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். மணலுக்குள்ளிருந்து தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஏறும், ஏறும்போது ஒரு மணல் துகள் மட்டும் சுழன்று சுழன்று ஆடும். அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "ஏந்தம்பி, தண்ணி இல்லாத எடத்துல என்னத்தப் படம் புடிக்கிற?" என்று கேட்டார். "இருக்கே அம்மா, வருதே" என்றேன். "வருது, வருது. வெளக்கெண்ணெ மாதிரி வருது" என்று சிரித்துவிட்டு அடுத்த குச்சியை மோந்தார். முகத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கையையும் கொட்டாங்குச்சியையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். தண்ணீருக்குக் காத்திருக்கிறவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். நமக்கு அது படம், அவர்களுக்கு அது அன்றைய பாடு.

சரி, இடங்கள். தூரமாகப் போகிற நாட்கள் வாரத்துக்கு ஒன்று போதும், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.

பூம்பாறைதான் என் முதல் சிபாரிசு. படிக்கட்டு வயல்களில் பூண்டு போட்டிருப்பார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு. காலை வேளையில் ஸ்பிரிங்க்ளர் ஓடினால் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள், வானவில் கட்டும். அது எந்த நேரமும் கட்டாது. உங்கள் தலை நிழல் விழுகிற திசையை நடுவாக வைத்து 42 டிகிரி விலகித்தான் வில் நிற்கும், அதனால் சூரியன் 42 டிகிரிக்கு மேலே ஏறிவிட்டால் வில் தரைக்குக் கீழே போய்விடும். நீங்கள் மேல் படியில் நின்று கீழ்ப் படியில் தண்ணீர் பாய்ந்தால் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். சித்திரை பிறக்கிற சமயத்தில் நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது, உங்கள் நிழல் உங்கள் காலுக்கடியிலேயே கிடக்கும். ஆகவே அந்த மாதத்தில் ஒன்பது மணிக்கு முன்னால், இல்லாவிட்டால் மூன்றரைக்கு அப்புறம். நடுப்பகல் வெயில் வேறு ஒன்றுக்கு உதவும், அதைக் கீழே சொல்கிறேன்.

பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், சில நாள் மூடியும் வைப்பார்கள், தீ சீசனில் இன்னும் கெடுபிடி. கிடைத்தால் போங்கள். கீழே பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற ஏரி அது. காற்றில்லாத நேரத்தில் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். அந்த வழியில் மாசி, பங்குனியில் ரோடோடென்ட்ரான் பூத்து உதிரும், காட்டுப் பூவரசு என்பார்கள். ரத்தச் சிவப்புப் பூ ஓடையில் மிதந்து வந்து ஒரு கல்லில் தட்டி நின்றால் அன்றைய வேலை முடிந்தது. சோலை மரங்கள் கொழுந்து விடுகிற நேரமும் இதுதான். நாவல் இன மரங்களின் தளிர் தாமிரச் சிவப்பாக இருக்கும். குட்டைத் தண்ணீரில் அந்த நிறம் விழும்போது பார்ப்பவர்கள் இலையுதிர்காலமா என்று கேட்பார்கள்.

மன்னவனூர், கூக்கால் இரண்டும் அகலமான ஏரிகள், வானத்தைப் பிடிக்க நல்லவை. வட்டக்கானலில் பாம்பாறு அருவிப் பக்கம் பாறை வழுக்கும், உயிர் போயிருக்கிறது. படத்துக்காக இறங்காதீர்கள். ஊருக்கு வருகிற வழியில் டம்டம் பாறையிலிருந்து தெரிகிற தலையாறு அருவியை, எலிவால் அருவி என்று எல்லோரும் சொல்கிறார்களே அதை, மாதம் ஒருமுறை பஸ்ஸை விட்டு இறங்கி எடுத்து வையுங்கள். 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமானது. மார்ச்சில் அது எலிவாலைவிட மெலிந்து, பாறையில் ஈரக்கோடாக மட்டும் தெரியும். மே மாதத்துப் படத்தோடு பக்கத்தில் வைத்தால் ஒரு வார்த்தை எழுதத் தேவையில்லை. வெள்ளி அருவி 180 அடி, அதில் விழுவது ஊர் ஏரியின் உபரித் தண்ணீர். முதல் கோடை மழைக்கு அப்புறம் போங்கள், முன்னால் போவது வீண்.

மூடுபனியைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் சேருங்கள், அது மிதக்கிற தண்ணீர்தான். ஏப்ரலில் கீழே வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கம் தரை கொதிக்கும். அந்தச் சூடான காற்று மலைச்சரிவில் ஏறி, மேலே வர வரக் குளிர்ந்து, பதினொரு மணி, பன்னிரண்டு மணிக்கு நம் முற்றத்தில் மேகமாக வந்து நிற்கும். காலையில் தெளிவு, மத்தியானம் வெள்ளை. இது ஏறக்குறைய தினசரி நடக்கிற விஷயம். பள்ளிக்கூட மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தாலே போதும். கேமரா மூடுபனியைச் சாம்பலாக்கிவிடும், வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் வரைக்கும், அதாவது இரண்டு மடங்கு வரைக்கும் கூட்டுங்கள். மொபைலில் திரையைத் தொட்டு அந்தச் சூரியக் குறியை மேலே தள்ளினால் சரி. அருவிக்கு நேர்மாறு. வெள்ளை நுரை வெளிறிப் போகும், அங்கே குறைக்க வேண்டும்.

மூடுபனி நாளில் ஒரு சோலையோரம் போய்ப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். மழை பெய்யாது, வானம் சொட்டாது, ஆனால் மரத்தடியில் சொட்டும். கிளைகளில் தாடி மாதிரித் தொங்குகிற பாசி மூடுபனியைச் சீப்பு மாதிரி வாரிப் பிடித்து, துளியாகச் சேர்த்துக் கீழே விடுகிறது. மரத்துக்கு வெளியே ரோடு காய்ந்திருக்கும், மரத்துக்கு அடியில் மட்டும் ஒரு வட்டம் ஈரமாக இருக்கும். அந்த வட்டத்தை எடுங்கள். எனக்கு 92 படத்தில் மிகவும் பிடித்தது அதுதான். பார்த்தவர்கள் யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மலை விளிம்பையொட்டிப் போகிற நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் மாலை நேரம் சூரியன் முதுகுக்குப் பின்னாலும் மூடுபனி பள்ளத்தாக்கிலும் இருந்தால் உங்கள் நிழல் மேகத்தின் மேல் விழும், தலையைச் சுற்றி நிற வளையமும் தெரியும். ஜெர்மனியில் ஒரு மலையின் பேரால் பிராக்கன் நிழல் என்கிறார்கள். எனக்கு இரண்டு வருடத்தில் ஒரே தடவைதான் கிடைத்தது. அதற்காகத் தினமும் போய் நிற்காதீர்கள். வருகிற நாளில் தானாக வரும்.

கோடை மழை ஏப்ரலில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கும், சில வருடம் மார்ச்சிலேயே ஒரு முறை எட்டிப் பார்க்கும். மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும். ஆலங்கட்டியும் விழலாம். தகரக் கூரையில் அது விழுகிற சத்தம் கேட்டதும் கறுப்புக் குடையைத் தலைகீழாக விரித்து வாசலில் வைத்துவிடுங்கள். கறுப்புத் துணியில் வெள்ளை உருண்டைகள், எடுக்க உங்களுக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். இடி இருக்கும்போது புல்வெளி மேட்டில் நிற்க வேண்டாம். ஓடைக்குள்ளும் வேண்டாம். இங்கே வெயில் அடித்தாலும் மேலே மலையில் பெய்திருந்தால் திடீரென்று தண்ணீர் வரும். கீழே கும்பக்கரை அருவியில் வனத்துறை அடிக்கடி குளிக்கத் தடை போடுவது இதனால்தான்.

முதல் மழை ராத்திரியில் வீட்டைச் சுற்றித் தவளைச் சத்தம் ஆரம்பிக்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்து மெல்லத் தேடினால் இலை மேல் கட்டை விரல் நகம் அளவில் புதர்த்தவளை உட்கார்ந்திருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த வகைத் தவளைக்குக் குட்டை வேண்டியதில்லை. முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் முடிந்து குட்டித் தவளையாகவே வெளியே வரும். அதற்கு வேண்டியது ஈரம் மட்டும். உங்கள் திட்டமும் ஈரத்தைப் பற்றியதுதானே, அதனால் தவளைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். மழைக்கு அப்புறம் சோலைக்குள் அட்டை ஏறும், பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

பறவைகளில் இரண்டைச் சொல்கிறேன். ஓடைக் கற்களில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிற வாலாட்டிக் குருவி வலசை வந்தது, ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும். அதை முதல் மாதத்திலேயே எடுத்துவிடுங்கள். சீகாரப் பூங்குருவி இங்கேயே இருப்பது. ஆள் சீட்டி அடிக்கிற மாதிரிப் பாடும். நிழலில் கறுப்பு, வெயில் பட்டால் நீலம்.

தண்ணீரைப் பால் மாதிரி வழவழவென்று எடுக்கிற பாணி பற்றி. எனக்கு அது பிடிக்காது, ஆனால் ரசனை அவரவருக்கு. இந்தப் பருவத்தில் அது நடைமுறைக்கும் ஒத்து வராது. நூல் மாதிரி விழுகிற தண்ணீரை ஒரு செகண்ட் ஷட்டரில் எடுத்தால் பாறையோடு கரைந்து காணாமல் போய்விடும். முப்பதில் ஒரு பங்கு செகண்டில் எடுத்தால் கோடு கோடாக விழும் அழகு தெரியும். ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுத்தால் நூல் என்று நீங்கள் நினைத்தது தனித்தனி மணிகள் என்று தெரியும். அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும். நடுப்பகல் வெயிலை இதற்கு வைத்துக்கொள்ளச் சொன்னது அதனால்தான். ஒரே சொட்டுக் குழாயை இந்த மூன்று வேகத்திலும் எடுத்துப் பழகுங்கள். வீட்டுக் குழாயே போதும்.

தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் தெரிய வேண்டுமானால் லென்ஸ் முன்னால் மாட்டுகிற, பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் வடிகட்டி உதவும். தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் பளபளப்பு முழுசாக மறையும். நேர் மேலிருந்து பார்த்தால் பலனில்லை. மொபைலுக்குத் தனியாக வாங்க வேண்டாம். போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் அதை லென்ஸ் முன்னால் பிடித்து மெல்லத் திருப்புங்கள், ஒரு கோணத்தில் ஓடையின் அடிமண் சட்டென்று தெரியும். வெளிச்சம் ஒன்றிரண்டு ஸ்டாப் குறையும், சோலை நிழலில் கை ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமான் பாதுகாப்பில் நான் பட்டது. ஒரு ஐப்பசியில் நல்ல லென்ஸ் ஒன்றை மர பீரோவில் துணிகளோடு வைத்தேன். தை மாதம் எடுத்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை. கீழே ஒரு பெரிய ஊரில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். மூன்று மாதம் இழுத்தடித்து, ஒரு திருகாணி குறைவாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் சமையலறையில் பருப்புக்கு வைத்திருந்த இறுக்கமான மூடி போட்ட டப்பா எனக்கு வந்துவிட்டது. உள்ளே நீல சிலிக்கா ஜெல். ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும், தோசைக்கல்லில் சிறு தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அப்புறம், விடியற்காலைக் குளிரில் எடுத்துவிட்டு வந்த கேமராவை நேராகச் சமையலறைக்குள் கொண்டுபோகாதீர்கள். உலை கொதிக்கிற ஆவி லென்ஸில் மட்டுமில்லாமல் உள்ளேயும் படியும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் கிடக்கட்டும்.

காட்டுமாடு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விடிகிற நேரம் ஊருக்குள்ளேயே நடமாடும், ஓடைக்குத் தண்ணீர் குடிக்க வரும். பழகின மாடு மாதிரித்தான் நிற்கும். நம்பாதீர்கள். மூடுபனியில் பத்தடி முன்னால் வந்துதான் தெரியும். தனியாகப் போகும்போது காதில் பாட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். அது நின்றால் நீங்கள் திரும்பிவிடுங்கள், அன்றைக்கு ஜன்னலில் படிந்த ஆவியை எடுத்துக்கொள்ளலாம்.

தினசரி ஒழுங்கு பற்றி ரொம்பக் கறாராக இருக்காதீர்கள். அன்றைய படம் அன்றைக்கே எடுத்ததாக இருக்க வேண்டும், அந்த ஒரு விதி போதும். நல்ல படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இட்லிப் பானையின் மூடியைத் திறந்தபோது எழுந்த ஆவி கூட என் 51-ம் நாளைக் காப்பாற்றியிருக்கிறது. முதல் வருடம் நான் நின்றுபோனது ஒரு நாள் விட்டதால் அல்ல, விட்ட நாளுக்குப் பதிலாக மறுநாள் இரண்டு எடுத்து ஏமாற்றத் தொடங்கியதால். படத்தோடு ஒரு வரி எழுதி வையுங்கள்: நேரம், இடம், மழை உண்டா, ஓடை கல்லின் எந்தப் பட்டையில் இருக்கிறது. ஐந்தாறு வருடம் கழித்து அந்த வரிதான் பேசும். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அந்தக் கல்லைக் காட்டுங்கள். எனக்கு மட்டும் ஒரு வகுப்பு இருந்திருந்தால் பட்டையை அளக்கிற வேலையை அவர்களிடம் கொடுத்திருப்பேன்.

மே மாதம் ஊர் நிரம்பிவிடும், மலர்க் கண்காட்சிக் கூட்டம் வேறு. ஏரிப் பக்கம் எட்டு மணிக்கு மேல் போகவே வேண்டாம். வெளியூரிலிருந்து நண்பர்கள் படம் எடுக்க வண்டியில் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. ட்ரோன் எடுத்து வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் வனத்துறையில் பதில் சொல்ல வேண்டி வரும்.

ட்ரைபாட் கேட்டீர்கள். இப்போதைக்கு வாங்காதீர்கள். இந்தப் படங்களில் முக்கால்வாசி தரையோடு தரையாக எடுப்பவை. ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ பச்சரிசியோ மணலோ போட்டுக் கட்டிக்கொண்டால் கல் மேல் வைத்து அதன் மேல் கேமராவைப் பதித்துவிடலாம். அந்தக் காசுக்கு நல்ல கறுப்புக் குடை ஒன்றும் முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸும் வாங்குங்கள். கல்லை மட்டும் மார்ச் 1-க்கு முன்னாலேயே போய்ப் பார்த்து வைத்துவிடுங்கள். இப்போது தண்ணீர் எந்தப் பட்டையில் நிற்கிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வந்தால் இன்னும் நல்லது.